மன்னிப்புக் கேட்கும் டாக்சி

ஓட்டுநர்களின் கவனத்தை ஆராயும் கவனக் கழகம் சோதனைக்குக் கொடுத்த புதிய காரை யார் ஓட்டுவது என்ற கேள்வி வந்தபோது, எங்கள் கொக்கு டாக்சிக் கம்பெனியின் ஓட்டுநர்கள் வாசலில் வட்டமாக நின்று கல்-கத்தரி-காகிதம் போட்டார்கள். ஜெயிப்பவர் ஓட்ட வேண்டும் என்று முதலாளி கமியா நினைத்திருந்தார். தோற்பவர் ஓட்ட வேண்டும் என்று ஓட்டுநர்கள் நினைத்திருந்தார்கள். ஓட்டுநர்கள்தான் எண்ணிக்கையில் அதிகம். ஹிபினோ யசுயே என்ற பெண் ஓட்டுநர் கல் காட்டினார். மற்ற அத்தனை பேரும் கல்லை வெல்லும் காகிதத்தைக் காட்டினார்கள்.

அத்தனை பேர் கையிலும் ஒரே சமயத்தில் காகிதம் வந்தது எப்படி என்று நான் யாரையும் கேட்கவில்லை. நான் சயோ; கம்பெனியில் ரேடியோ முன்னால் உட்கார்ந்து, எந்த வண்டி எந்த முனைக்குப் போக வேண்டும் என்று சொல்பவள். அந்தப் பெட்டிக்குள் இருந்து வருவதைக் காதில் வாங்கிக்கொள்வதுதான் என் வேலை.

ஹிபினோவின் முகம் வெளுத்துவிட்டது. அதற்குக் காரணம் இருந்தது. எங்கள் ஜப்பானில் சொந்தமாக டாக்சி ஓட்ட அனுமதி வேண்டுமென்றால், அதற்கு முன் பத்து வருடம் ஒரு கீறல் இல்லாமல் ஓட்டியிருக்க வேண்டும். விபத்து கூடாது. விதிமீறல் கூடாது. போலீஸ்காரர் எழுதிக் கொடுத்த சீட்டு ஒன்றுகூட இருக்கக் கூடாது. ஹிபினோவுக்குப் பத்தாவது வருடம் வருகிற மார்ச்சில் முடிகிறது. தன் சொந்தக் காரின் கூரைமேல் வைக்கப்போகும் விளக்கு வட்டமா சதுரமா என்பதுவரை அவர் முடிவு செய்து வைத்திருந்தார். வட்டம்.

"போயும் போயும் கடைசி வருஷத்துலயா இப்படி?" என்றார் கமியாவிடம்.

"எதுக்குப் பயப்படறீங்க ஹிபினோ சான்? ஓட்டுறவங்க கவனம் சிதறக் கூடாதுன்னே செஞ்ச கார் அது. அதுல உக்காந்தா, தப்பு பண்ணணும்னு நெனச்சாலும் பண்ண முடியாது."

"பண்ணிட்டா?"

"பண்ணிட்டா அதுவே போக்குவரத்து ஆபீசுக்குச் சொல்லிடும். நீங்க அலைய வேண்டியதே இல்ல."

கமியாவைக் குறை சொல்ல முடியாது. கழகத்து ஆய்வாளர்கள் அடிக்கடி மது விருந்து வைப்பவர்கள். விருந்து முடிந்தபின் அவர்களில் ஒருவராலும் கவனம் சிதறாமல் நடக்கக்கூட முடியாது. அவர்களை வீடு சேர்ப்பது எங்கள் டாக்சிகள்தான். அப்படிப்பட்ட வாடிக்கையாளர் ஒரு உதவி கேட்டால் எந்த முதலாளி மறுப்பார்?

கார் ஒப்படைப்பு விழா கழகத்து முற்றத்தில் நடந்தது. பதினேழு பிரிவுத் தலைவர்கள் ஒரே நிறச் சட்டையில் வரிசையாக நின்று, பதினேழு முகவரி அட்டைகளை ஹிபினோவுக்கு இரண்டு கையாலும் கொடுத்தார்கள். ஹிபினோ ஒவ்வொன்றையும் இரண்டு கையாலும் வாங்கி, மரியாதைக்குப் படித்துப் பார்த்து, தலை குனிந்தார். தன்னிடம் அட்டை இல்லாததால், 'குடித்திருக்கிறீர்களா? கொக்கை அழையுங்கள்' என்று அச்சிட்ட கம்பெனி அட்டைகளைத் திருப்பிக் கொடுத்தார். பதினேழு பேரும் அதையும் அதே மரியாதையோடு படித்துப் பார்த்தார்கள்.

கழகத்தின் தலைவர் உகாய் மேடையேறினார். நல்ல உயரம். பேசும்போது கண்ணை மூடிக்கொள்வார்.

"ஓட்டுநரின் கவனத்தைச் சிதறடிப்பது எது?" என்று கேட்டுவிட்டு நிறுத்தினார். "இந்த ஒரே கேள்விக்கு எங்கள் பதினேழு பிரிவுகளும் பதினேழு விடைகளைக் கண்டுபிடித்தன. கண் அலைவதுதான் காரணம் என்றது கண் பிரிவு. இமை மூடுவதுதான் காரணம் என்றது இமைப் பிரிவு. இந்த இரண்டு பிரிவுகளும் ஒரே மாடியில்தான் இருக்கின்றன. ஆனால் இதுவரை ஒன்றோடொன்று பேசியதில்லை. பேசினால் ஆய்வின் நடுநிலைமை கெட்டுவிடும். கொட்டாவிப் பிரிவு மிகுந்த சிரமங்களுக்கிடையே விழித்திருந்து பணியாற்றியது. அயல்நாடுகளில் என்ன செய்கிறார்கள்? காரின் கணினித் திரையில் இருப்பதைக் குறைக்கிறார்கள். குறைப்பது என்றால் என்ன? யாரோ ஒருவருடைய உழைப்பைக் குப்பையில் போடுவது. எங்களிடம் அந்தப் பழக்கம் கிடையாது. பதினோரு ஆண்டுகளில் எந்தப் பிரிவின் யோசனையும் நிராகரிக்கப்பட்டதில்லை என்பதை நெஞ்சு நிமிர்த்திச் சொல்கிறேன். அதன் பலன்தான் இந்த எளிமையான திரை."

துணியை விலக்கினார்கள். எளிமையான திரை இடது கதவில் தொடங்கி வலது கதவில் முடிந்தது.

பழைய கார்களில் இருந்த பட்டன், கைப்பிடி, திருகு எதுவும் அதில் இல்லை. எல்லாம் திரைக்குள் போய்விட்டது. ஸ்டியரிங்கும் பிரேக்கும்தான் வெளியே மிஞ்சியிருந்தன. அவற்றைத் திரைக்குள் வைக்கும் வழியை ஒரு பிரிவு தேடிக்கொண்டிருந்தது.

உகாய் ஹிபினோவின் பக்கத்தில் உட்கார்ந்து விளக்கினார். மேடையை விட்டு இறங்கினால் அவர் சாதாரணமாகப் பேசுபவர்தான்.

"இது ஆளுக்கேத்த மாதிரி மாறிக்கிற திரை. நீங்க பதறும்போது முன்னாடி நெறைய பட்டன் இருந்தா இன்னும் பதறுவீங்க. அதனால ஸ்டியரிங் உங்க நாடியப் பாத்துக்கிட்டே இருக்கும். நாடி ஏறினா பட்டன் எல்லாம் தானா மறைஞ்சிடும். எறங்கினா திரும்பி வரும்."

"பதறும்போதுதானே தலைவரே பட்டன் வேணும்?" என்று கேட்டார் ஹிபினோ.

உகாய் அந்தக் கேள்வியைக் குறித்துக்கொண்டார். வெளியே நின்ற பதினேழு பேரும் குறித்துக்கொண்டார்கள். "அருமையான கேள்வி. ரொம்ப நன்றி" என்றார் உகாய். விடை யாருக்கும் தேவைப்படவில்லை.

அந்த வாரமே ஒரு புயலின் வால் எங்கள் ஊரைத் தொட்டுக்கொண்டு போனது. காலையில் இனாகாகி அம்மா வழக்கம்போல டாக்சி கேட்டார். அவர் பள்ளிக்கூடத் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். தினமும் காலையில் காபிக் கடைக்குப் போய், காபியோடு சும்மா கொடுக்கும் ரொட்டியில் இனிப்புப் பயற்று விழுது தடவிச் சாப்பிடாவிட்டால் அவருக்கு நாள் தொடங்காது. ஹிபினோவை அனுப்பினேன். கொஞ்ச நேரத்தில் ரேடியோ அலறியது.

"சயோ! வைப்பரைக் காணோம்!"

"ஒடஞ்சிடுச்சா?"

"ஒடையல. மறைஞ்சிடுச்சு. கண்ணாடில ஒண்ணுமே தெரியலடி! நல்லவேளை, ஓரமா நிறுத்திட்டேன்."

பின்னணியில் ஒரு பெண் குரல் தேனாக வழிந்தது: "தாங்கள் பதற்றமாக இருக்கிறீர்கள். தங்கள் வசதிக்காக வைப்பர் மறைக்கப்பட்டுள்ளது."

"மழை பெய்யுதே!" என்று ஹிபினோ காரிடம் கத்தினார்.

"தங்கள் பதற்றம் அதிகரித்துள்ளது. தங்கள் வசதிக்காக முகப்பு விளக்கும் மறைக்கப்படுகிறது."

இனாகாகி அம்மாவின் குரல் கேட்டது. "எதையாவது நல்லதா நெனச்சுக்குங்க ஹிபினோ சான். நாடி தானா எறங்கும். நான் எங்க வீட்டுக்காரர் போனத நெனச்சுப்பேன்."

"எறந்ததயா?"

"சேச்சே. வேலை மாத்தலாகி ஒசாகாவுக்குப் போனத. நாலு வருஷம். அப்பிடி ஒரு நிம்மதி."

ஹிபினோ கண்ணை மூடி, கூரைமேல் வட்ட விளக்கு எரியும் தன் சொந்தக் காரை நினைத்துப் பார்த்தார். நாடி இறங்கியது. வைப்பர் வந்தது. வந்த சந்தோஷத்தில் நாடி ஏறியது. வைப்பர் போனது. சந்தோஷமும் ஒருவகைப் பதற்றமே என்று நாடிப் பிரிவு எப்போதோ முடிவு செய்திருந்தது.

நல்லதும் கெட்டதும் இல்லாத ஏதாவது ஒன்று வேண்டியிருந்தது. இனாகாகி அம்மாதான் வழி கண்டுபிடித்தார். ரயில் அறிவிப்பாளர் போல மூக்கால் பேசி, நகோயா போகும் பாசஞ்சர் ரயில் நிற்கும் நிலையங்களை வரிசையாகச் சொல்லத் தொடங்கினார். ஹிபினோ திருப்பிச் சொன்னார். வைப்பர் வந்தது, ஓடியது, நிலைத்தது. அப்படியே இருவரும் நிலையம் நிலையமாகச் சொல்லிக்கொண்டு காபிக் கடை போய்ச் சேர்ந்தார்கள். நகோயா வந்தபின்பும் கடை வராததால், திரும்பும் ரயிலையும் பிடிக்க வேண்டியிருந்தது.

மாதக் கடைசியில் கழகத்தில் கருத்துக் கேட்கும் கூட்டம். ஹிபினோ நடந்ததைச் சொன்னார். பதினேழு பேரும் முகம் வாடிக் கேட்டார்கள்.

"எங்க கார் உங்களுக்கு இவ்ளோ சிரமம் குடுத்திருக்கு" என்றார் உகாய். "குடுத்துட்டு, ஒரு மன்னிப்புக்கூடக் கேக்கல. வெக்கமா இருக்கு."

"மன்னிப்பெல்லாம் வேணாம் தலைவரே. வைப்பர் மறையாம இருந்தாப் போதும்."

"மறைக்கிறது நாடிப் பிரிவோட வேலை. அத எடுத்துட்டா நாளைக்கு கேண்டீன்ல அவங்க மூஞ்சிய எப்பிடிப் பாக்கறது? ஆனா நீங்க கவலப்படாதீங்க. உங்க மனக்கஷ்டத்த நாங்க முழுசா ஏத்துக்கறோம்."

ஏற்றுக்கொண்டதன் விளைவாகப் பதினெட்டாவது பிரிவு பிறந்தது. அதன் பெயர் மன்னிப்புப் பிரிவு. அது இரவு பகலாக உழைத்துத் திரையின் நடுவில் ஒரு சிறிய மனிதனை நிறுத்தியது. நீலச் சட்டை, வெள்ளைக் கையுறை, வகிடெடுத்த தலை. கார் எதையாவது மறைத்தால் அவன் தோன்றி, "மிகவும் வருந்துகிறோம்" என்று பதினைந்து பாகை குனிவான். கார் தவறாக எச்சரிக்கை செய்துவிட்டால் முப்பது பாகை. தவறு தொடர்ந்தால் நாற்பத்தைந்து பாகை குனிந்து, எழாமல் இருப்பான்.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு ஒரு பழக்கம். எதிரில் ஒருவர் குனிந்தால் நாங்களும் குனிந்துவிடுவோம். யோசித்துச் செய்வதில்லை. முழங்காலில் தட்டினால் கால் தூக்குவது போலத்தான். தொலைபேசியில் பேசும்போதுகூடக் குனிவோம். எதிர்முனையில் இருப்பவருக்கு அது தெரியாது என்பது எங்களுக்குத் தெரியும். இருந்தாலும் குனிவோம். நான் ரேடியோவுக்குக் குனிகிறவள்.

மன்னிப்புக் கேட்கும் மனிதன் வந்த முதல் நாள், ரயில் நிலையத்துக்கு முன்னால் சிவப்பு விளக்கில் ஹிபினோ நின்றுகொண்டிருந்தார். பின்னால் இனாகாகி அம்மா. ஏதோ ஒரு பட்டன் மறைந்தது. சின்ன மனிதன் தோன்றிப் பதினைந்து பாகை குனிந்தான். ஹிபினோவும் "பரவால்லங்க" என்று குனிந்தார்.

ஓட்டுநரின் தலை சாய்ந்ததைக் காருக்குள் இருந்த கேமரா பார்த்தது. கேமராவுக்கு அதில் ஒரு அர்த்தம்தான் உண்டு. "ஓட்டுநர் உறங்குகிறார்!" என்று கார் அலறியது.

"தூங்கலயே!" என்று ஹிபினோ நிமிர்ந்தார்.

தவறான எச்சரிக்கை. சின்ன மனிதன் முப்பது பாகை குனிந்தான். அவ்வளவு குனிந்தவனுக்கு ஹிபினோ அதைவிடக் கொஞ்சமாவது கூடுதலாகக் குனியாமல் இருக்க முடியுமா? குனிந்தார். "ஓட்டுநர் ஆழ்ந்து உறங்குகிறார்!" நிமிர்ந்தார். மனிதன் நாற்பத்தைந்து பாகை குனிந்து, எழாமல் இருந்தான். ஹிபினோவும் ஸ்டியரிங்குக்குக் கீழே போய்விட்டார்.

"ஓட்டுநர் இருக்கையில் ஓட்டுநர் இல்லை" என்றது கார். "தேடப்படுகிறார்."

"இங்கதாங்க இருக்கேன்!" என்றது அடியிலிருந்து ஒரு குரல்.

"யாரு மொதல்ல நிமிரறதுன்னு பாக்கறீங்களா?" என்றார் இனாகாகி அம்மா. "வெளக்கு பச்சையாயிடுச்சு ஹிபினோ சான். அவன் சின்னப் பய, நீங்க நிமிருங்க."

"அவன் எந்திரிக்கலயேம்மா! நான் எப்பிடி எந்திரிக்கறது?"

பின்னால் நின்ற வண்டிகள் ஹாரன் அடிக்கவில்லை. எங்கள் ஊரில் முன்னால் இருப்பவர் குனிந்திருந்தால், ஏதோ துக்க விஷயம் என்று காத்திருப்பார்கள்.

அன்று மாலை கழகத்திலிருந்து தொலைபேசி வந்தது. நான்தான் எடுத்து ஹிபினோவிடம் கொடுத்தேன். பக்கத்தில் நின்றதால் உகாயின் குரல் எனக்கும் கேட்டது. அவர் அழுதுகொண்டிருந்தார்.

"நீங்க பதிலுக்குக் குனிஞ்சீங்களாமே ஹிபினோ சான்! ஒரு மனுஷி ஒரு காருக்குக் குனிஞ்சது இதுதான் மொதத் தடவை. மன்னிப்புப் பிரிவுக்கு மாலை போட்டுட்டோம்."

"அது சந்தோஷம் தலைவரே. நான் தூங்கிட்டேன்னு எழுதியிருக்கே, அத அடிச்சிடுங்க."

"அத அடிக்க முடியாது. இமைப் பிரிவு எழுதினது. இன்னொரு தடவ தூங்கினதா எழுதினா, போக்குவரத்து ஆபீசுக்குத் தானாவே போயிடும். ஆனா இனிமே உங்களுக்குச் சங்கடம் வராது. நீங்க பதிலுக்குக் குனிய வேண்டாம்னு அவன்கிட்டயே சொல்ல வெச்சிருக்கோம்."

மறுநாள் சின்ன மனிதன் குனிந்து, "தாங்கள் பதிலுக்குக் குனிய வேண்டிய அவசியமே இல்லை" என்றான். அத்தனை பணிவாக ஒருவன் சொன்னபின் குனியாமல் இருப்பதற்குக் கல்நெஞ்சம் வேண்டும். ஹிபினோ வண்டியை ஓரங்கட்டிவிட்டு, மருந்துக் கடைக்குப் போய், கழுத்து எலும்பு முறிந்தவர்கள் போட்டுக்கொள்ளும் கெட்டிப் பட்டை ஒன்றை வாங்கி மாட்டிக்கொண்டார். அதைப் போட்டால் தலை எந்தப் பக்கமும் அசையாது.

"கழுத்துல என்னம்மா, விபத்தா?" என்று ஏறும்போதே பயணிகள் பயந்து கேட்பார்கள்.

"இல்லங்க. மரியாதை" என்பார் ஹிபினோ.

நவம்பரில், காரை நாடு முழுவதும் கட்டாயமாக்கலாமா என்று பார்க்க அமைச்சகத்திலிருந்து துணைச் செயலாளர் ஒபாதா வந்தார். ரயில் நிலையத்திலிருந்து கழகம்வரை அவரை ஹிபினோ அழைத்துப் போக வேண்டும். யார் எங்கே உட்காருவது என்பதில் அரை மணி நேரம் போனது. ஓட்டுநருக்குப் பின்னால் இருப்பதுதான் மிக உயர்ந்த இருக்கை என்பதால் அதில் ஒபாதா. அவருக்குப் பக்கத்தில் உகாய். மிகத் தாழ்ந்த இருக்கை முன்னால், ஓட்டுநருக்குப் பக்கத்தில். அதில் எங்கள் முதலாளி கமியா தானாகவே போய் உட்கார்ந்துகொண்டார். ஹிபினோ பயத்தில் ரேடியோவை அணைக்க மறந்துவிட்டார். அதனால் மீதி எல்லாம் என் காதில் விழுந்தது.

ஒபாதா பெல்ட்டைப் போட்டதும் தூங்கிப்போனார். பெரிய பதவியில் இருப்பவர்கள் கூட்டங்களில் தூங்குவது எங்களுக்குப் புதிதல்ல. அந்த அளவு உழைக்கிறார்கள் என்று பொருள். உகாய் குரலைத் தாழ்த்திக்கொண்டு விளக்கம் சொல்லிக்கொண்டே வந்தார்.

"இப்ப பாருங்க, ஓட்டுநர் நாடி கொஞ்சம் ஏறுது. உடனே பட்டன்கள் மறையுது. எவ்ளோ அமைதியா இருக்கு பாருங்க திரை."

"ஆமா, ஒண்ணுமே இல்ல" என்றார் கமியா பணிவாக.

சின்ன மனிதன் தோன்றிக் குனிந்தான். ஹிபினோ பட்டையின் புண்ணியத்தால் நிமிர்ந்தபடி சாலையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆனால் கமியா குனிந்தார். தான் நியமித்த மனிதன் என்பதையும் மறந்து உகாய் குனிந்தார்.

"முன்பக்கப் பயணி மயக்கம்! பின்பக்கப் பயணி மயக்கம்!" என்றது கார்.

இருவரும் பதறி நிமிர்ந்தார்கள். தவறான எச்சரிக்கை. மனிதன் முப்பது பாகை குனிந்தான். இருவரும் முப்பது பாகை குனிந்தார்கள். கமியாவின் நெற்றி திரையில் இடித்த சத்தம் எனக்குக் கேட்டது. இடித்த இடத்தில் ஏதோ மறைந்த பட்டன் இருந்திருக்க வேண்டும். கார் பாட்டுப் பாடத் தொடங்கியது.

"குனியாதீங்க முதலாளி! தயவுசெஞ்சு குனியாதீங்க!" என்று ஹிபினோ கெஞ்சினார். அவருடைய நாடி எங்கோ போய்விட்டது.

கழகத்தில் கைமாற்றுப் பிரிவு என்று ஒன்று உண்டு. அதன் யோசனை இது: காரில் ஓட்டுநர் மிகவும் பதறிவிட்டால், அந்தக் காரிலேயே யார் மிக அமைதியாக இருக்கிறாரோ அவரிடம் எல்லாப் பட்டன்களையும் ஒப்படைத்துவிட வேண்டும். பின் இருக்கைகளில் நாடியையும் தலை குனிவதையும் பார்க்கும் கருவிகள் மட்டும் இருந்தன. கண் திறந்திருக்கிறதா என்று பார்க்கும் கேமரா ஓட்டுநருக்கு மட்டும்தான். பின்னால் இருப்பவரின் இமையைப் பற்றி இமைப் பிரிவிடம் கேட்டிருக்கலாம். ஆனால் கேட்டால் நடுநிலைமை கெட்டுவிடும்.

"அமைதியான ஓட்டுநர் கண்டறியப்பட்டார்" என்றது கார். பட்டன்கள் எல்லாம் ஒபாதாவின் முன்னால் இருந்த குட்டித் திரைக்குப் போயின. "நன்றி. இனி தாங்கள் ஓட்டுநர்." ஒபாதா மெல்லக் குறட்டை விட்டார். கார் அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டு, நாற்சந்தியின் நட்டநடுவில் நின்றது.

நாற்சந்தியின் முனையிலேயே போலீஸ் சாவடி. விசில் சத்தம் கேட்டது. கண்ணாடியில் தட்டும் சத்தம் கேட்டது.

"இங்க யாராவது வண்டிய நிறுத்துவாங்களா? யாரு ஓட்டினது?"

காருக்குள் பாட்டு ஓடிக்கொண்டே இருந்தது. பிறகு ஹிபினோவின் குரல்: "நான்தாங்க."

அப்படிச் சொல்லியிருக்க வேண்டாமே என்று நான் ரேடியோவைப் பிடித்துக்கொண்டேன். மார்ச் மாதம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. போலீஸ்காரர் அபராதச் சீட்டுக் கட்டை எடுக்கும் சத்தம் கேட்டது.

"திருத்தம்" என்றது கார் தேன் குரலில். "இந்த அம்மையார் ஓட்டுநர் அல்லர். இவர் பயணி. ஓட்டுநர் பின்னால் வலப்பக்கம் இருக்கிறார். கவனம், நூற்றுக்கு நூறு."

போலீஸ்காரர் பின்னால் எட்டிப் பார்த்திருக்க வேண்டும்.

"இவரா? தூங்கறாரே!"

"நூற்றுக்கு நூறு" என்றது கார்.

"என்ன சார் இது?" என்று அவர் உகாயிடம் கேட்டார். "கார் சொல்றது சரியா, தப்பா?"

"தப்புன்னு சொன்னா எங்க பதினோரு வருஷ ஆராய்ச்சி தப்புன்னு ஆயிடும்" என்றார் உகாய். "சரின்னு சொன்னா துணைச் செயலாளர் தூங்கிக்கிட்டே வண்டி ஓட்டினவர்னு ஆயிடும். நான் தனியா முடிவெடுக்கிற ஆள் இல்லீங்க. கொஞ்சம் கலந்து பேசிட்டுச் சொல்றேன்."

நாற்சந்தியின் நடுவில் உட்கார்ந்தபடி உகாய் பதினெட்டுப் பிரிவுகளையும் ஒவ்வொன்றாகத் தொலைபேசியில் அழைத்தார். ஒவ்வொரு பிரிவும் தன்னைப் பொறுத்தவரை கார் சரியாகத்தான் இருக்கிறது என்றும், மற்ற பிரிவுகளைப் பற்றிக் கருத்துச் சொல்வது முறையல்ல என்றும் சொன்னது. இடையில் கமியா முன்கதவைத் திறந்துகொண்டு இறங்கி, காத்திருந்த வண்டிகள் ஒவ்வொன்றின் முன்பும் போய்க் குனிந்து வரத் தொடங்கினார். வரிசை ரயில் பாலம்வரை நீண்டிருந்ததால் அதற்குப் பிறகு அவர் குரல் கேட்கவில்லை.

"கலந்து பேசிட்டோம்" என்றார் உகாய் கடைசியில். "கார் தப்பு பண்ணலன்னு ஒருமனதா முடிவாயிருக்கு."

"அப்ப இவர எழுப்புங்க."

ஒபாதா எழுப்பப்பட்டார். கண் விழித்ததும் அவருக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: எல்லா முகங்களும் தன்னையே பார்க்கின்றன, முன்னால் ஒரு தாள் நீட்டப்பட்டிருக்கிறது. முப்பது வருட அரசுப் பணியில் இப்படி விழித்தபோதெல்லாம் செய்ததையே அவர் செய்தார்.

"எனக்கு எந்த ஆட்சேபணையும் இல்ல" என்றார். "அப்பிடியே நிறைவேத்திடலாம்."

கையெழுத்துக்குப் பதிலாகப் போடும் முத்திரையைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து, போலீஸ்காரரின் விரல் காட்டிய இடத்தில் அழுத்திக் கொடுத்தார்.

"எம் பேர்ல எதுவும் இல்லீங்களே?" என்று ஹிபினோ கேட்டார்.

"உங்க பேர் எதுக்கும்மா? நீங்க பயணி. எறங்கி நீங்க பாட்டுக்குப் போங்க."

ஹிபினோவின் கதவு திறந்து மூடும் சத்தம் கேட்டது. காருக்குள் அதற்குப் பின்தான் ஒபாதா தான் முத்திரை போட்ட அபராதச் சீட்டைப் படித்தார். படித்தவரின் நாடி என்ன ஆகியிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. அவர் முன்னால் இருந்த பட்டன்களும் மறைந்துவிட்டன. இப்போது காரில் அமைதியாக ஒருவருமில்லை.

"கதவத் தொறங்க, எறங்கறேன்!" என்றார் ஒபாதா.

"மன்னிக்கணும். பின்கதவத் தொறக்கிறது ஓட்டுநர் வேலை" என்றார் உகாய். "ஓட்டுநர் நீங்கதான்."

"கையால தள்ளிட்டு வாங்களேன் சார்" என்றார் போலீஸ்காரர் வெளியிலிருந்து.

"டாக்சிக் கதவயா? பயணி கையாலயா?" உகாயின் குரலில் இருந்த அதிர்ச்சியில் நடிப்பே இல்லை. எங்கள் ஊர் டாக்சிகளில் பின்கதவை ஓட்டுநர்தான் பட்டன் அழுத்தித் திறப்பார்; பயணி கையால் திறந்து நான் கேள்விப்பட்டதில்லை.

வழி ஒன்றுதான் இருந்தது. ஓட்டுநரின் நாடியை இறக்க வேண்டும். அன்று மேடையில் படிக்க வைத்திருந்த உரையை உகாய் பையிலிருந்து எடுத்துப் படிக்கத் தொடங்கினார். முதல் பக்கம் முடிவதற்குள் குறட்டை கேட்டது. "அமைதியான ஓட்டுநர் கண்டறியப்பட்டார்" என்றது கார். பட்டன்கள் எல்லாம் வந்துவிட்டன. அவற்றை ஓட்டுநர்தான் அழுத்த வேண்டும். உகாய் ஓட்டுநரை மெதுவாக எழுப்பினார். ஓட்டுநருக்குத் தான் எங்கே இருக்கிறோம் என்பது நினைவுக்கு வந்தது. பட்டன்கள் மறைந்தன. சின்ன மனிதன் குனிந்தான். இருவரும் குனிந்தார்கள். உகாய் இரண்டாம் பக்கத்தைப் புரட்டினார்.

உரை மொத்தம் நாற்பது பக்கம் என்று பிறகு சொன்னார்கள். அவர்களைச் சுற்றி யாரோ சாலைக் கூம்புகளைக் கொண்டுவந்து வைப்பது கேட்டுக்கொண்டிருந்தபோது, மேசைமேல் இருந்த தொலைபேசி அடித்தது. எடுத்தேன்.

"கொக்கு டாக்சியா? ஸ்டேஷன் முனைக்கு ஒரு வண்டி அனுப்பு சயோ. பழசா, நெறைய திருகு இருக்கிற வண்டியா பாத்து அனுப்பு."

"எத்தன பேருங்க?" என்றேன், வழக்கம்போல.

"ஒருத்தர்தான்" என்றார் ஹிபினோ. "பயணி."